டயர் கடையிலிருந்து மாட்ரிட் தெரு வரை: சின்ன கிளப் ஜெர்சிகளின் ஆட்டம்

1976 ஜனவரி 24. இங்கிலாந்தின் சதர்ன் லீகில் பாத் சிட்டியை எதிர்த்து இறங்கிய கெட்டரிங் டவுன் வீரர்களின் நெஞ்சில் 'கெட்டரிங் டயர்ஸ்' என்று எழுதியிருந்தது. உள்ளூர் டயர் கம்பெனியின் பெயர். பிரிட்டனில் ஒரு கால்பந்து அணி விளம்பர ஜெர்சியோடு போட்டியில் ஆடியது அதுதான் முதல் முறை. லிவர்பூலும் மான்செஸ்டர் யுனைடெட்டும் அதற்கப்புறம் வந்தவர்கள்தான்.

கால்பந்து சங்கம் உடனே எழுத்தை அழிக்கச் சொன்னது. கிளப்பை நடத்திக்கொண்டிருந்த டெரிக் டூகன் லேசுப்பட்ட ஆள் இல்லை. 'டயர்ஸ்' என்பதன் முதல் ஆங்கில எழுத்தை மட்டும் விட்டுவைத்து மீதியை எடுத்துவிட்டு, அது 'டவுன்' என்பதன் முதல் எழுத்து என்று சாதித்தார். சங்கம் மசியவில்லை. ஆயிரம் பவுண்டு அபராதம் என்று மிரட்டியதும் அந்த ஒற்றை எழுத்தும் போனது. 1977இல் அதே சங்கம் ஜெர்சி விளம்பரத்தை அனுமதித்தது என்பது கதையின் மிச்சம்.

சின்ன கிளப் ஜெர்சிகளைச் சேர்ப்பவர்கள் சின்னத்தைவிட ஸ்பான்சர் பெயரை ஏன் ஆசையாகப் பார்க்கிறார்கள் என்பதற்கு இந்த டயர் கம்பெனிதான் பதில். கீழ்மட்ட லீகுகளில் பெரும்பாலான அணிகளுக்கு டிசைன்கூடச் சொந்தமில்லை. தயாரிப்பாளரின் கேட்டலாகில் இருப்பதில் ஒன்றைப் பொறுக்கி, சின்னத்தையும் ஸ்பான்சர் பெயரையும் ஒட்டி வாங்குகிறார்கள். அதே மாடலைப் பக்கத்து ஊர்ப் பள்ளி அணியும் போட்டிருக்கும். நம்மூர் டோர்னமென்ட்டில் மொபைல் கடை பெயரோடு இறங்கும் அணிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துணியில் ஊரைக் காட்டிக்கொடுப்பது கடைப் பெயர் ஒன்றுதான்.

கேட்டலாகை மூடிவிட்டுச் சொந்தமாக யோசித்த கிளப்புகளும் உண்டு. ஸ்பெயினில் பத்து வருடங்களுக்கு முன்பு இது ஒரு காய்ச்சலாகவே பரவியது. லா ஓயா லோர்கா 2013இல் புரோக்கோலி படம் போட்டது, கல்ச்சுரல் லியோனேசா 2014இல் போ டை கட்டிய கோட் சூட்டையே ஜெர்சியாக்கியது, லூகோ பீர் கிளாஸையும் ஆக்டோபஸையும் அச்சடித்தது, பலென்சியா 2016இல் தோலுரித்த தசைகளோடு வந்தது. இங்கிலாந்தில் பீடேல் கிளப், தன் ஸ்பான்சரான சாசேஜ் கம்பெனிக்காக உடம்பு முழுக்க சாசேஜ் அடித்த ஜெர்சியைப் போட்டது. அதில் புராஸ்டேட் புற்றுநோய் அமைப்புக்கு நிதியும் திரட்டியது.

இவற்றை ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வராது. லோர்கா பக்கம் புரோக்கோலி நிஜமாகவே விளைகிறது, லூகோ இருக்கும் கலீசியாவில் ஆக்டோபஸ் ஊர்ச் சாப்பாடு. கோட் சூட்டுக்கும் லியோன் நகரத்துக்கும் என்ன உறவு? ஒரு முறை போட்டோ எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஊரிலிருந்து எடுத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு டப்ளினின் போகிமியன்ஸ் நல்ல உதாரணம். 1890இல் தொடங்கிய கிளப், உறுப்பினர்களே உரிமையாளர்கள். அவர்களது டாலிமவுன்ட் பார்க் மைதானத்தில் 1980 ஜூலையில் பாப் மார்லி பாடினார். அதை நினைவுபடுத்தி 2019 சீசனுக்கான வெளியூர் ஜெர்சியில் மார்லியின் முகத்தைப் போட்டார்கள். அறிவித்த கையோடு உலகம் முழுக்கப் பேச்சு. ஆனால் படத்தின் உரிமையில் சிக்கல் வந்து முகத்தை எடுக்க வேண்டியதாயிற்று. சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களை அப்படியே வைத்துக்கொண்டு, முகம் இருந்த இடத்தில் உயர்த்திய முஷ்டியை வைத்தார்கள். நெருக்கடியில் அடித்த நல்ல கோல் அது. 2020இல் மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டியோடு சேர்ந்து அகதிகளை வரவேற்கும் வாசகத்தோடு இன்னொரு ஜெர்சி வந்தது, அதையும் பல நாடுகளிலிருந்து வாங்கினார்கள்.

கிழக்கு லண்டனின் கிளாப்டன் கம்யூனிட்டி கதை இதைவிடப் பெரியது. பழைய கிளாப்டன் கிளப்பின் நிர்வாகத்தோடு மோதிய ரசிகர்கள் 2018இல் பிரிந்து வந்து தொடங்கிய அணி. தொடங்கிய இடம், மிடில்செக்ஸ் கவுன்டி லீக். பிரீமியர் லீகிலிருந்து எண்ணிக்கொண்டே போனால் விரல்கள் தீர்ந்துவிடும் ஆழம். முதல் சீசனின் வெளியூர் ஜெர்சிக்கு ரசிகர்களே டிசைன் அனுப்பி, உறுப்பினர்களே ஓட்டுப் போட்டார்கள். ஜெயித்தது சிவப்பு, மஞ்சள், ஊதா: ஸ்பானியக் குடியரசின் கொடி நிறங்கள். உள்நாட்டுப் போரில் பிராங்கோவை எதிர்த்துப் போராடப் போன சர்வதேசப் படையணிக்கு மரியாதை. கழுத்துக்குப் பின்னால் 'நோ பசரான்', அதாவது 'அவர்களைக் கடந்து வர விடமாட்டோம்' என்ற அந்தக் காலக் கோஷம்.

அந்த ஜெர்சியின் படம் ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு சில நூறு விற்றால் போதும் என்றிருக்க வேண்டிய கிளப்புக்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர் குவிந்தது. கடை நடத்தத் தனி ஆட்கள் கிடையாது, தன்னார்வலர்கள்தான் பார்சல் கட்டினார்கள். பழைய கிளாப்டனின் மைதானமான, 1888 முதல் கால்பந்து நடக்கும் ஓல்டு ஸ்பாட்டட் டாக்கை 2020இல் அந்த ரசிகர்களே வாங்கினார்கள். ஜெர்சிக் காசும் அதற்குக் கைகொடுத்தது.

ஒரு ஆட்டம்கூடப் பார்க்காதவன் ஜெர்சியை மாட்டிக்கொண்டு திரிவதா என்ற முணுமுணுப்பு எப்போதும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாட்ரிட்காரர் ஒருவர் கொடுத்த காசு லண்டனில் புல்தரைக்குப் போகிறது என்றால் அவரும் கேலரியில் உட்கார்ந்தவர்தான். என் கோபமெல்லாம், வெளியான அன்றே பத்து வாங்கிப் பதுக்கி, தீர்ந்ததும் மும்மடங்கு விலை வைப்பவர்கள் மேல். அந்த லாபத்தில் கிளப்புக்கு ஒரு பைசா போகாது.

எனவே வாங்குகிறவர்கள் முதலில் கிளப்பின் கடையையே தட்டுங்கள். தபால் செலவையும் சுங்க வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், சில நேரம் அது ஜெர்சி விலையையே தொட்டுவிடும். பிரபலமாகாத கிளப் ஜெர்சிக்குப் போலி வருவது அபூர்வம், காப்பி அடிப்பவனுக்குக் கட்டுப்படியாகாது. பேர் வாங்கிவிட்ட ஜெர்சிதான் ஆபத்து. அங்கே உள்பக்க லேபிளில் உள்ள தயாரிப்பு எண்ணைத் தேடிப் பாருங்கள். 'வீரர் அணிந்தது' என்று விற்றால் முதுகைப் பாருங்கள். கீழ்மட்ட லீகுகளில் பெயர் இல்லாமல் எண் மட்டும் இருப்பது சகஜம், ஒரே ஜெர்சியை ஒரு சீசனில் பலர் போட்டிருப்பார்கள். இன்னார் போட்டது என்று அடித்துச் சொல்லும் வியாபாரியிடம் போட்டோ கேளுங்கள். துவைக்கும்போது உள்பக்கம் வெளியே வரட்டும், ஒட்டிய எண்ணின் மேல் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது.

கோவைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. 2019 மார்ச் 9 அன்று உங்கள் ஊர் நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வீழ்த்தி ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது சென்னை சிட்டி. பெத்ரோ மான்சி கோலாகப் போட்டுத் தள்ளிய சீசன் அது. பிறகு ஐ-லீக் பட்டியலிலிருந்தே அந்த அணி காணாமல் போனது. அந்த வருட ஜெர்சி உங்கள் பீரோவில் கிடந்தால், பழைய துணியோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். யாராவது விலை கேட்டாலும் கொடுக்காதீர்கள், நானே கேட்டாலும்.