வேஷத்தைக் கலைக்காத மகாதேவன்

செப்டம்பர் 5 வந்தால் நம் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வெள்ளைத் தலைப்பாகையும் கண்ணாடியும் தேவைப்படும். அக்டோபர் 15 வந்தால் நடுவகிடு எடுத்து இரண்டு பக்கமும் வழியும் நரைத்த விக். முதலாமவர் ராதாகிருஷ்ணன், இரண்டாமவர் கலாம். மாறுவேடப் போட்டியில் இந்த இரண்டு குடியரசுத் தலைவர்களுக்கும் எப்போதும் மவுசு உண்டு. குழந்தை மேடையேறி மனப்பாடம் செய்த நாலு வரியைச் சொல்லும். கைதட்டல், போட்டோ, வாட்ஸப் ஸ்டேட்டஸ். அவ்வளவுதான்.

அந்த மேடையில் யாரும் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. '1962 சீனப் போரில் உங்கள் அரசாங்கத்தையே நீங்கள் குறை சொன்னீர்களே, அது சரியா?' என்று ராதாகிருஷ்ணனிடமோ, 'தூக்குக் கைதிகளின் கருணை மனு மேஜைக்கு வந்தபோது என்ன யோசித்தீர்கள்?' என்று கலாமிடமோ கேட்கலாம். ஏழு வயசுப் பிள்ளையிடம் கேட்கக்கூடிய கேள்விகளா இவை? இல்லைதான். ஆனால் பெரியவர்கள் வேஷம் கட்டும்போதும் நாம் கேட்பதில்லை. தலைவராக ஒருவர் மேடையில் தோன்றினால் பார்க்கவும் வணங்கவும் நமக்குத் தெரியும். விசாரிக்கத் தெரியாது.

அமெரிக்காவில் இது ஒரு தனித் தொழில். லிங்கனாக வேடமிடுபவர்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. தாடியும் உயரத் தொப்பியுமாகப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் போகிறார்கள். கிளே ஜென்கின்சன் என்ற வரலாற்று அறிஞர் பல வருடங்களாக தாமஸ் ஜெஃபர்சனாகத் தோன்றுபவர். முதலில் ஜெஃபர்சனாகவே பேசுவார், ஜெஃபர்சனாகவே கேள்விகளுக்குப் பதில் சொல்வார். பிறகு வேடத்திலிருந்து வெளியே வந்து, ஆய்வாளராக அதே ஜெஃபர்சனை அலசுவார். சுதந்திரப் பிரகடனம் எழுதிய கை எப்படி அடிமைகளையும் வைத்திருந்தது என்று அப்போது பேசியாக வேண்டும். பாடம் முதல் பாதியில் இல்லை, வேஷம் கலைந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

இந்தக் கண்ணோடு பார்த்தால், தமிழில் இதே பிரச்சினையை மையமாக வைத்த ஒரு நாடகம் ஐம்பது வருடங்களுக்கும் மேலாக நம் முன்னால் கிடக்கிறது. நாம் அதைக் காமெடி கிளிப்பாகவும் தேர்தல் நேரத்து மீமாகவும் மட்டும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். சோ எழுதி நடித்த 'முகமது பின் துக்ளக்'.

*

1968-ல் மேடையேறிய நாடகம். 1971-ல் சோவே இயக்கிப் படமாகவும் வந்தது. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: பதினாலாம் நூற்றாண்டு சுல்தான் துக்ளக்கும் பயணி இப்னு பதூதாவும் கல்லறையிலிருந்து உயிரோடு எழுந்து வருகிறார்கள். துக்ளக் தேர்தலில் நின்று ஜெயிக்கிறார், பிரதமர் ஆகிறார். கட்சி மாறி வந்த அத்தனை பேரும் துணைப் பிரதமர்கள். இந்தியா, ஆங்கிலமா என்ற சண்டைக்குத் தீர்வாகப் பாரசீகம் தேசிய மொழி. லஞ்சத்தை ஒழிக்க வழி, அதைச் சட்டபூர்வமாக்குவது.

சும்மா வந்த நையாண்டி இல்லை இது. மொழிப் போராட்டம் நடந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. 1967-ல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியிருந்தது. அதே வருடம் ஹரியானாவில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் அடுத்தடுத்துக் கட்சி தாவியதில் 'ஆயாராம் கயாராம்' என்ற சொல்லே பிறந்திருந்தது. பார்வையாளர்கள் காலையில் பேப்பரில் படித்ததை மாலையில் சபாவில் சுல்தான் வாயால் கேட்டார்கள்.

ஆனால் இந்த நாடகத்தின் உண்மையான முடிச்சு வேறு. வந்தவர்கள் துக்ளக்கும் இல்லை, பதூதாவும் இல்லை. மகாதேவன், ராகவன் என்ற இரண்டு சாதாரண இளைஞர்கள். நாடு கெட்டுப்போவதைச் சகிக்காத ரங்கநாதன் என்ற பெரியவர் அவர்களைத் தயார் செய்து அனுப்பியிருக்கிறார். வரலாற்றுக்கே பைத்தியக்காரன் என்று தெரிந்த ஒருவனைக்கூட நீங்கள் தலையில் தூக்கிவைத்து ஆடுவீர்கள் என்று காட்டிவிட்டு, கடைசியில் வேஷத்தைக் கலைத்து உண்மையைச் சொல்வது திட்டம். அதாவது, பொதுமக்களுக்குப் பாடம் எடுப்பதற்காக ஓர் ஆட்சியாளரின் வேஷம் கட்டுவது.

மகாதேவன் வேஷத்தைக் கலைக்க மறுக்கிறான். நாற்காலி அவனுக்குப் பிடித்துப்போகிறது. உண்மையைச் சொல்ல முன்வரும் ராகவனைக் கூட்டம் நம்பவில்லை, மகாதேவனின் பேச்சைத்தான் நம்புகிறது. திட்டத்தின் கடைசி வரி மட்டும் நிறைவேறாமல் போகிறது. மொத்தத் திட்டமும் அந்தக் கடைசி வரியில்தான் இருந்தது.

*

நம் தெருக்கூத்தில் ராஜா சும்மா வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிட முடியாது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் கிரீடம் அசையும், கால் சலங்கை கேட்கும். வெளியே கட்டியங்காரன் நிற்பான். யார் நீ, எந்த ஊரு, எதுக்கு வந்திருக்கே என்று அவன் கேட்க, ராஜா பதில் சொல்லித்தான் சபைக்கு வர வேண்டும். துரியோதனனாக இருந்தாலும் இதுதான் விதி. விடிய விடிய ராஜா வீரம் பேசும்போதெல்லாம் அவன் பக்கத்தில் நின்று கிண்டல் செய்வான், நிகழ்காலத்துக்கு இழுப்பான், பார்ப்பவர் சார்பில் சந்தேகப்படுவான். வேஷம் ஒருவரிடம், கேள்வி இன்னொருவரிடம். கூத்து இந்தப் பிரிவினையை நூற்றாண்டுகளாகக் காப்பாற்றி வந்திருக்கிறது.

சோ செய்த புதுமை, என் வாசிப்பில், ராஜாவையும் கட்டியங்காரனையும் ஒரே உடம்பில் ஏற்றியது. துக்ளக்தான் ஆட்சியாளன், துக்ளக்கேதான் கோமாளி. முட்டாள்தனமான சட்டம் போடுவதும் அவன்தான், அந்தச் சட்டத்தின் வழியே நம்மைக் கிண்டல் செய்வதும் அவன்தான். மேடையில் மற்றவர்களுக்கு வேலை, கேள்வியை எடுத்துக்கொடுப்பது. சிரிப்பு வரும் பதில் எப்போதும் அவன் வாயில்.

நாடகத்தின் பலம் இது. பலவீனமும் இதுதான். கூத்தில் கட்டியங்காரனின் ஜோக் ராஜாவைத் திறந்து காட்டுகிறது. இங்கே ஜோக் ராஜாவின் சொத்து. நக்கலான பதில் வந்ததும் கேள்வி செத்துவிடுகிறது. நாம் சிரித்துவிட்டோம் இல்லையா, சிரித்த பிறகு அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்க யாருக்கு மனசு வரும்? ராகவன் தோற்பது ஏதோ கடைசிக் காட்சியில் நடக்கும் விபத்து என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் காட்சியிலிருந்தே நல்ல வசனங்களெல்லாம் மகாதேவனிடம் இருக்கின்றன. கேள்வி கேட்கப் பழகாத கூட்டத்தின் முன்னால், கேள்வி கேட்கப் பழகாத ராகவன் திடீரென்று வந்து நின்றால் வேறு என்ன ஆகும்?

சோவுக்கு இது தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். இல்லையென்றால் அந்த முடிவை அவர் எழுதியிருக்க மாட்டார். மக்களுக்குப் பாடம் சொல்லிவிட்டு வாத்தியார் நல்லவராகவே இறங்கிவருவது எளிதான முடிவு. சபாவில் அதற்கும் கைதட்டல் விழுந்திருக்கும். வாத்தியாரையே கெட்டுப்போக விட்டதுதான் இந்த நாடகத்தின் நேர்மை.

*

பார்வையாளர்களைப் பற்றியும் பேச வேண்டும். மயிலாப்பூர், தி.நகர் சபாக்களுக்கு மாதச் சந்தா கட்டி நாடகம் பார்க்க வந்த நடுத்தர வர்க்கம், 1967-க்குப் பிறகு அரசியலில் தன் பிடி நழுவுவதை உணர்ந்துகொண்டிருந்தது. 'ஜனங்களுக்கு ஒண்ணும் தெரியாது, யார் வந்தாலும் ஓட்டுப் போடுவாங்க' என்ற எரிச்சலுக்கு இந்த நாடகம் வாய் கொடுத்தது. அந்த அரங்கில் ஏமாறும் 'மக்கள்' எப்போதும் வெளியே, தெருவில் இருப்பவர்கள். உள்ளே உட்கார்ந்து சிரித்தவர்கள் தங்களை ரங்கநாதன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்.

நாடகம் ரங்கநாதனைப் போதுமான அளவு விசாரிக்கவில்லை என்பது என் புகார். பொய் சொல்லி மக்களை ஏமாற்றி, பிறகு 'பார்த்தீர்களா, ஏமாந்தீர்கள்' என்று காட்டுவது என்ன மாதிரிக் கல்வி? மாணவனை முட்டாள் என்று முடிவு செய்துவிட்டு வகுப்புக்குள் வரும் வாத்தியார் அவர். மகாதேவன் பிற்பாடு செய்வது அதன் அடுத்த படிதான். முட்டாள்கள் என்றே முடிவாகிவிட்டால், அவர்களுக்கு எதற்கு உண்மை?

*

இதே சென்னையிலிருந்து, கிட்டத்தட்ட இதே காலத்தில், இன்னொரு துக்ளக்கும் கிளம்பினான். கிரீஷ் கர்னாட் அறுபதுகளில் இங்கே ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, 'மெட்ராஸ் ப்ளேயர்ஸ்' ஆங்கில நாடகக் குழுவிலும் இயங்கியவர். அவருடைய கன்னட 'துக்ளக்' 1964-ல் வந்தது. பின்னாளில் அல்காஸி அதை டெல்லி புரானா கிலாவின் இடிபாடுகளுக்கு நடுவே மேடையேற்றினார். நேரு காலத்துக் கனவுகள் கலைந்ததன் படிமமாக அதை வாசிப்பது வழக்கம்.

ஆச்சரியம் என்னவென்றால், அதிலும் ஒரு வேஷக்காரன் இருக்கிறான். அஜீஸ் என்ற சலவைத் தொழிலாளி. முதலில் பிராமணனாக வேஷம் போட்டு சுல்தான் மேலேயே வழக்குத் தொடுத்து ஜெயிக்கிறான். கடைசியில் கலீஃபா வம்சத்தவனாக வேஷம் போட்டு அரண்மனைக்குள்ளேயே வந்துவிடுகிறான். பிடிபட்டபோது சுல்தானால் அவனைத் தண்டிக்க முடிவதில்லை, அவனில் தன்னையே பார்க்கிறார். கர்னாட் வேஷத்தையும் அரசனையும் இரண்டு பேராகப் பிரித்து எதிரெதிரே நிறுத்துகிறார். அதனால் கேள்வி உயிரோடு இருக்கிறது. அவருடைய துக்ளக்கைப் பார்த்து வெளியே வருபவர் அந்த மனிதனைப் பற்றி யோசிப்பார். சோவின் துக்ளக்கைப் பார்த்து வருபவர் அடுத்த நாள் அலுவலகத்தில் வசனத்தைச் சொல்லிக் காட்டுவார். கர்னாடுக்கு விமர்சனக் கட்டுரைகள் கிடைத்தன. சோவுக்குத் தமிழ்த் தெருவே கிடைத்தது. யார் கிறுக்குத்தனமாக ஆண்டாலும் 'துக்ளக் தர்பார்' என்கிறோம். 2016 நவம்பரில் பழைய நோட்டுகள் செல்லாமல் போனபோதும் அந்தப் பெயர்தான் எல்லார் வாயிலும் வந்தது.

ஆனால் அந்தப் பெயரில் வரலாறு எவ்வளவு மிச்சம் இருக்கிறது? 1325 முதல் 1351 வரை ஆண்ட அந்த சுல்தான் தேவகிரிக்குத் தலைநகரை மாற்றினார், வெள்ளிக்குப் பதில் மட்ட உலோகத்தில் அடையாள நாணயம் விட்டார், கள்ள நாணயம் பெருகியதும் அதைக் கைவிட்டார். இவ்வளவுதான் நமக்குத் தெரியும், அதையும் 'பைத்தியம்' என்ற ஒரு சொல்லில் மடித்து வைத்துவிட்டோம். தெற்கைத் தன் பேரரசோடு கட்டிப்போட நினைத்த அரசனின் கணக்கு அதில் இருந்தது, அது ஏன் பிசகியது என்பதற்குக் காரணங்கள் இருந்தன. வேஷம் பிரபலமாகும்போது முதலில் காணாமல் போவது வேஷத்துக்கு உரியவர்தான்.

நிஜ இப்னு பதூதாவின் கதை ராகவன் கதையை விடச் சுவாரசியம். அவர் டெல்லியில் துக்ளக்கிடம் காஜியாக வேலை பார்த்தவர். சுல்தானுக்குப் பிடிக்காத ஒரு ஞானியைப் போய்ப் பார்த்ததற்காகக் காவலில் வைக்கப்பட்டு, உயிர் பயத்தில் கொஞ்ச காலம் துறவிபோல வாழ்ந்தவர். பிறகு பயணப்பட்டு, இலங்கையிலிருந்து வரும் வழியில் கப்பல் சிதைந்து, நம் கிழக்குக் கரையில் ஒதுங்கி, மதுரை சுல்தானின் முகாமுக்கும் மதுரைக்கும் வந்தார். துக்ளக்குக்கு எதிராகக் கலகம் செய்து மதுரை சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுதீன் அஹ்சன் ஷா அவருடைய மாமனார். துக்ளக்கின் கொடையையும் கொலையையும் அவர் பக்கத்து பக்கத்தில் வைத்துச் சொன்னார். எப்போது? மொராக்கோவுக்குத் திரும்பி, அந்த வாசலிலிருந்து பல ஆயிரம் மைல் தள்ளிப் பத்திரமாக உட்கார்ந்த பிறகு. அரசனின் பக்கத்தில் நின்று கேள்வி கேட்பதன் விலை அவருக்குத் தெரியும். சோவின் ராகவன் அந்த விலையைக் கூட்டத்தின் நடுவில் நின்று கொடுக்கிறான்.

*

சோ 1970 பொங்கல் நேரத்தில் பத்திரிகை தொடங்கியபோது அதற்கும் 'துக்ளக்' என்றே பெயர் வைத்தார். 2016 டிசம்பரில் இறக்கும்வரை அதன் ஆசிரியராக இருந்தார். இடையில் 1999-ல் நியமன உறுப்பினராக மாநிலங்களவைக்கும் போனார். தன் மகாதேவன் கலைக்க மறுத்த பெயரை அவரும் கடைசிவரை வைத்திருந்தார் என்று இதைக் கேலியாகச் சொல்லிவிடலாம். நியாயமாக இருக்காது. ஒவ்வொரு ஜனவரியிலும் பத்திரிகையின் ஆண்டு விழா மேடையில் அவர் வேஷமில்லாமல், மொட்டைத் தலையோடு, வாசகர்களின் கேள்விகளுக்கு முகம் கொடுத்தார். எத்தனை ஆசிரியர்கள் அதைச் செய்தார்கள்? ஆனால் அங்கேயும் பதில்கள்தான் பிரபலமாயின. கேள்வி கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

இந்த நாடகத்தை இன்று யாராவது மேடையேற்றினால் புது அரசியல் ஜோக்குகளைச் செருகுவது எளிது, எல்லாரும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். நான் கேட்பது வேறு. திரை விழுந்த பிறகு விளக்கைப் போட்டு, அரைமணி நேரம் ஒதுக்குங்கள். மகாதேவனாக நடித்தவர் முதலில் மகாதேவனாகவே இருக்கட்டும், பார்வையாளர்கள் அவனைக் குறுக்கு விசாரணை செய்யட்டும். ரங்கநாதனையும் கூண்டில் ஏற்றட்டும். அதன்பிறகு நடிகர் மேக்கப்பைத் துடைத்துக்கொண்டு, தன் சொந்தப் பெயரில் அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். ஒரே ஒரு நிபந்தனை: அந்த அரைமணி நேரத்தில் நடிகர் ஜோக் அடிக்கக் கூடாது. ஜோக் அடிக்கும் உரிமை கேள்வி கேட்பவருக்கு மட்டும்.