குறியும் பெயரும்

கருங்கடலுக்கு வடகரையில் பாஸ்பரஸ் ராஜ்யம் என்று ஒன்று இருந்தது. சாஸனம் பொறித்த பாஷை கிரேக்கம். ஸ்டெப்பி வெளியில் குதிரையேறித் திரிந்த சர்மாத்தியரோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தவர்கள். அவர்கள் விட்டுப்போன கற்களில் எழுத்தல்லாத சில உருவங்கள் உண்டு: வளைவு, கொக்கி, சூலம் மாதிரி. தம்கா என்று பெயர். நம் ஊரில் மாட்டுக்குச் சூடு போட்டு அடையாளம் வைப்பதில்லையா, அதற்கு உறவான குலக்குறிதான்.

கிரேக்கர்களிடம் வேறொரு பழக்கம் இருந்தது. ஒரு பெயரின் இரண்டு மூன்று எழுத்துக்களைப் பின்னி ஒரே உருவமாக்கி விடுவார்கள். அவர்களுடைய நாணயங்களில் இந்தக் கூட்டெழுத்துக்கள் ஏராளம். ஆகவே குலக்குறியையும் அப்படியே பிரித்துப் படித்துவிடலாமே என்று ஆசை எழுகிறது. நேர்கோடு ஓர் எழுத்து, வட்டம் ஓர் எழுத்து, சாய்ந்த இரண்டு கோடுகள் இன்னோர் எழுத்து. கொஞ்சம் சாமர்த்தியம் இருந்தால் வேண்டிய பெயரை வரவழைக்கலாம். எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் வருகிறது என்றால் அங்கே எந்தப் பெயரும் இல்லை என்றுதான் நான் கொள்வேன்.

உண்மையான கூட்டெழுத்துக்கூட ஏமாற்றும். கீ, ரோ என்ற இரண்டு கிரேக்க எழுத்துக்கள் பின்னிய குறியைக் கண்டதும் கிறிஸ்துவின் பெயர் என்போம். எகிப்தை ஆண்ட மூன்றாம் தாலமியின் வெண்கல நாணயத்தில், கழுகின் கால்களுக்கிடையே அதே குறி இருக்கிறது. அப்போது கிறிஸ்து பிறக்க இருநூறு வருஷங்களுக்கு மேல் இருந்தது!

பின் எப்படித்தான் படிப்பது? டான் நதி முகத்துவாரத்துத் தனாயிஸ் நகரில் 2ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று கிடைத்தது. அதில் குறியோடு கூடவே யூபடோர் மன்னனின் பெயர் கிரேக்கத்தில் இருக்கிறது. இம்மாதிரிக் கற்களைக் கொண்டுதான் எந்தக் குறி எந்த மன்னனுடையது என்று சொல்ல முடிந்தது. அடுத்தடுத்த மன்னர்களின் குறிகளில் ஒரு பகுதி ஒன்றாகவும் மற்றது மாறியும் வருவது அப்புறம்தான் புலப்பட்டது. சொலொமோனிக் என்ற அம்மையார் 1959ல் கீவ் நகரில் இக்குறிகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். ஒன்றைத் தனியே வெறித்துப் பார்ப்பதைவிடப் பலவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மேல்.

கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். என் கதை ஒன்றில் கிணற்று ராட்டினம் உடைந்து கிடக்கிறது. பாட்டி வீட்டில் அப்படிக் கிடந்ததால் எழுதினேன். ஒரு விமர்சகர் அதில் கூட்டுக் குடும்பத்தின் வீழ்ச்சியைக் கண்டு மேடையில் பாராட்டினார். நானும் தலையாட்டி வைத்தேன். வீட்டுக்கு வந்து கதையை மறுபடி படித்தேன். குடும்பம் வீழ்ந்ததாக ஒரு வரிகூட இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

எழுதியவனை விசாரிக்க வேண்டியதில்லை. அவன் புகழ்ச்சிக்கு மயங்குகிறவன். பக்கத்து வரிகளை விசாரித்தால் போதும். அவை ஒப்பினால் அர்த்தம் உண்டு. ஒப்பாவிட்டால் நாம் படித்தது நம்மைத்தான்.

ஓல்பியாவில் கிடைத்த பளிங்குச் சிங்கத்தின் உடம்பெல்லாம் குலக்குறிகள். அவற்றுக்குத் துணையாக ஒரு பெயர் இல்லை. அங்கே கொஞ்சம் சும்மா நிற்கத் தெரிவதும் படிப்புதான்.