ஆளில்லாத கோஷ்டி

யாழ்ப்பாணத்து இணுவிலில் கலியாணம் முடிந்த மறுநாள் இரவு. பந்தல் இன்னும் பிரிக்கவில்லை, வாடகைக் கதிரைகள் ஒரு மூலையில் அடுக்கிக் கிடக்கின்றன. முதல்நாள் நாலு தவிலும் இரண்டு நாதஸ்வரமும் முழங்கிய அதே முற்றத்தில் இப்போது லண்டன் மருமகன் கொண்டுவந்த ஸ்பீக்கர் ஒன்றும், வயரில்லாத மைக் இரண்டும், எழுத்து ஓடும் ரீவி ஒன்றும் இருந்தன.

"மாமா, நீங்கள் ஒண்டு பாடுங்கோ" என்று மைக்கைத் தந்தான். நான் ரீ.எம்.எஸ். பாட்டொன்றைத் தேடி முடிப்பதற்குள் அவன் தம்பி குயின் குழுவின் 'வீ வில் றொக் யூ'வைப் போட்டுவிட்டான்.

இரண்டு மிதி, ஒரு தட்டு, பிறகு ஒரு வெறுமை. அந்தப் பாட்டின் தாளம் அவ்வளவுதான். 1977இல் இங்கிலாந்தின் பிங்லி ஹோலில் நடந்த கச்சேரி முடிவில் கூட்டமே பாடத் தொடங்கியதைக் கேட்ட கிற்றார்காரர் பிறையன் மே, நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தால் என்ன செய்ய முடியும் என்று யோசித்து எழுதியது அது. காலால் மிதிக்கலாம், கை தட்டலாம், பாடலாம். அதனால் கடைசியில் கிற்றார் வரும்வரை அதில் வாத்தியமே கிடையாது. சனம் மிதிப்பதற்கென்றே எழுதப்பட்ட பாட்டு இணுவில் முற்றத்தில் எடுபடாமல் போகுமா? ஆனால் ஒரு சிக்கல். பக்கத்து வீட்டுப் பெடியன் தவில் பழகுகிறவன். அந்த நாலாவது எண்ணிக்கையின் கார்வையை அவனால் சும்மா விட முடியவில்லை. கதிரை முதுகில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சொல்லைச் செருகினான், மூன்றாம் அடியில் தீர்மானமே வைத்துவிட்டான். லண்டன் பெடியள் பாட்டை மறந்து அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மருமகன் கொண்டுவந்தது கரோக்கிப் பெட்டி. கரோக்கி என்ற ஜப்பானியச் சொல்லுக்கு வெற்று வாத்தியக் குழு என்று பொருள். ஆளில்லாத கோஷ்டி என்று நாங்கள் சொல்லலாம். கோபே நகரத்தில் மதுச்சாலைகளில் வாசித்துத் திரிந்த டைசுகே இனோவே 1971இல் அந்தப் பெட்டியைச் செய்தார். தான் போக முடியாத இடத்துக்குத் தன் வாசிப்பைப் பதிந்து அனுப்பியதுதான் தொடக்கம். காப்புரிமை எடுக்கவில்லை மனிதர். தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1933இல் பிறந்த ஊரில், வாத்தியகாரருக்கு ஒருநாளும் பஞ்சமில்லாத ஊரில், ஆளில்லாத கோஷ்டிக்கு என்ன வேலை என்று எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

சென்னையில் வளசரவாக்கத்தில் சில காலம் இருந்தபோது இதே பெட்டியை வேறு விதமாகப் பார்த்தேன். அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் மாதம் ஒருமுறை பாட்டு. வங்கியில் ஓய்வு பெற்ற ஒருவர் எஸ்.பி.பி. பாடுவார். சரணம், பல்லவி எல்லாம் கொப்பியில் எழுதி, மூச்சு விடும் இடத்தில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருப்பார். மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். முடிந்ததும் கைதட்டல், அதற்குப் பின் தீர்ப்பு: "இரண்டாவது சரணத்துல அந்த சங்கதி கொஞ்சம் விழலை சார்." 2006இல் தொடங்கிய சூப்பர் சிங்கர் அந்தப் பழக்கத்துக்கு மெருகு போட்டிருக்கலாம். ஆனாலும் வேர் பழையது. தமிழ்நாட்டில் மேடை மெல்லிசைக் குழுவுக்குப் பெருமையே, ரெக்கோட்டில் உள்ளது போலவே வாசிப்பது. கரோக்கி வந்தபோது குழு போய்விட்டது, அந்த அளவுகோல் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அங்கே பாடுகிறவர் தனி ஆள், பரீட்சைக்கு வந்தவர் மாதிரி.

அந்த மொட்டை மாடியில் ஆங்கிலப் பாட்டு நான் கேட்டதில்லை. அதற்கு வேறு இடங்கள் உண்டு. ஒருகாலத்தில் மவுண்ட் ரோட்டின் நைன் ஜெம்ஸ் போன்ற இரவு விடுதி. சேலை கட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்டுப் பாடிய உஷா உதுப் தொடங்கியது அங்கேதான். இன்றைக்குக் கல்லூரி விழாக்கள், ஐ.டி. கம்பனி விருந்துகள், பப்கள். வீட்டுப் பாட்டு ஒன்று, வெளிப் பாட்டு ஒன்று என்று இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் போகின்றன.

எங்கள் பக்கம் அந்தக் கோடு இவ்வளவு அழுத்தமாக இல்லை. காரணம் பைலா என்றுதான் நினைக்கிறேன். போர்த்துக்கேயர் விட்டுப்போன தாளத்தில் சிங்களவரும் பறங்கியரும் வளர்த்தெடுத்தது பைலா. அதே காற்றில்தான் எங்கள் பொப் இசையும் வந்தது: நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'. சுற்றுலா போகிற பஸ்ஸில் இவற்றைப் பாடாதவர் யார்? ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், பின் சீற்றில் வாளியோ தகரமோ தாளம் போடும், மீதி பஸ் முழுக்கப் பாடும். சுருதி பற்றி எவரும் கேட்பதில்லை. இதே 'சுராங்கனி' 1977இல் இளையராஜா இசையில் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்குள் போனது. பஸ் பாட்டு அக்கரையில் சினிமாப் பாட்டாகியது. இரண்டு கரைக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல ஏலாது.

ஆகவே பிரித்தானிய றொக்கில் எது எங்கே எடுபடும் என்பது பாட்டின் பெருமையைப் பொறுத்ததல்ல. பீட்டில்ஸின் 'ஹே ஜூட்' ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும். அதில் பாதிக்கு மேல் கடைசிக் கூட்டுப் பாட்டுத்தான், ஓர் அசையும் ஒரு பெயரும் திரும்பத் திரும்ப. ஆங்கிலம் தெரியாத அப்பாச்சியும் சேரலாம். பைலாக் காதுக்கு இது சொந்தச் சாமான்.

'பொஹீமியன் றப்சொடி' வேறு சாதி. 1975இல் வந்த அந்தப் பாட்டை எங்கள் முற்றத்தில் எல்லாரும் சேர்ந்து தொடங்கினார்கள், நடுவில் ஒபெரா வந்ததும் எல்லாரும் சேர்ந்து விழுந்தார்கள். சென்னையில் ஒரு கல்லூரி விழாவில் ஆறு பேர் குரல்களைப் பங்கிட்டு, வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்து, பிசிறில்லாமல் முழுதாகப் பாடியதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பரீட்சைப் புத்தியை நான் நக்கலடித்தாலும், இந்தப் பாட்டுக்கு அதுதான் வேண்டும். அதை எழுதிய பிறெடி மேர்க்குரியே மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்து, அங்கேயே முதல் குழுவில் வாசித்தவர்.

பத்தரை மணிக்குப் பெரிய மருமகன் தன் பாட்டைப் போட்டான். ஒயேசிஸின் 'வொண்டர்வோல்'. குரல் பெரிதாக மேலே ஏறாத, யாரும் துணிந்து தொடங்கக்கூடிய பாட்டு. லண்டனில் இதில்லாமல் ஒரு கரோக்கி இரவும் முடியாது என்றான். அந்தப் பெயர் ஜோர்ஜ் ஹரிசனின் 1968ஆம் ஆண்டு இசைத்தட்டிலிருந்து எடுத்தது என்று நான் சொன்னேன். ஹரிசன் பம்பாய்க்கு வந்து அங்கத்தைய வித்துவான்களை வைத்துப் பதிவு செய்த பகுதிகள் அதில் உண்டு. அதில் ஷெனாயும் ஒலிக்கும், எங்கள் நாதஸ்வரத்தின் வடக்கத்திச் சொந்தம். முதல்நாள் இந்த முற்றத்தில் ஊதியதற்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்றேன். பெடியனுக்கு அது பெரிய விசயமாகப் படவில்லை.

"இது எப்ப வந்த பாட்டு?" பெரியக்கா கேட்டா. இவ்வளவு நேரமும் வெற்றிலைத் தட்டோடு பேசாமல் இருந்தவ.

அவன் போனைப் பார்த்தான். "தொண்ணூற்றைஞ்சு, பெரியம்மா. ஒக்டோபர் முப்பது."

முற்றத்தில் இருந்த நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினோம். 1995 ஒக்டோபர் 30. இராணுவத்தின் ரிவிரெச படையெடுப்பு நெருங்க, வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொல்லி லவுட்ஸ்பீக்கரில் அறிவித்த நாள். இணுவிலும் வெளிக்கிட்டது. ஒரே இரவில் இலட்சக்கணக்கான சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. அதற்கு முந்திய ஐந்து வருசமாக மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சுற்றித் திருச்சி வானொலி கேட்டோம். அதே நாளில் லண்டன் கடைகளுக்கு இந்தப் பாட்டு வந்திருக்கிறது. எங்கள் தலைமுறைக்கு இந்தப் பாட்டு முதலில் கேட்டது லண்டன் போனவர்களின் பிள்ளைகள் வாயால்தான். சென்னையில் என் வயதுக்காரர் அந்த வருசத்தை 'பாட்ஷா', 'பம்பாய்' வந்த வருசமாகச் சொல்வார்கள். அதுவும் உண்மைதான்.

மருமகனுக்கு இடப்பெயர்வுக் கதை தெரியும், திகதி தெரியாது. "வேற பாட்டுப் போடட்டா, பெரியம்மா?"

"ஏன்? நாங்கள் அண்டைக்கு இதைக் கேட்கேல்லைத்தானே. பாடு." தட்டைத் தள்ளி வைத்தா. "சுருதியை மட்டும் கொஞ்சம் இறக்கு. கத்துறாய்."