பாட்டு இருக்கிறது, ஸனது எங்கே?

புர்தா ஷரீஃபை அறியாத இல்லங்கள் நம்மிடையே குறைவு. 13ஆம் நூற்றாண்டில் இமாம் பூஸிரி (ரஹ்) யாத்த அக்கவிதையின் அடியொற்றி, எகிப்தியக் கவிஞர் அஹ்மத் ஷவ்கி பாடியது ‘நஹ்ஜுல் புர்தா’. ஷவ்கி 1932இல் மறைந்தார். பின்னர் ரியாழ் ஸுன்பாத்தி அதற்கு இசையமைக்க, உம்மு குல்தூம் பாடினார். சிற்றூர்ப் பள்ளிவாசல் இமாமின் மகளாய்ப் பிறந்து, இளமையிலேயே குர்ஆன் ஓதிப் பழகிய நா அவருடையது. அரபு எழுத்துகளின் மக்ரஜ் பிறழாத அந்த உச்சரிப்புக்காகவே நாம் அதனைத் தேடினோம். இசை ஆகுமா, ஆகாதா என்னும் பழைய வழக்கை இங்கே அவிழ்க்கவில்லை.

இன்றைய இசைச் செயலிகளில் அதனைக் கண்டெடுப்பது எளிதன்று. ஆங்கில எழுத்தில் பாடகியின் பெயரையே ஊம் கல்சூம், ஓம் கல்தூம், உம் குல்தும் எனப் பலவாறு பதிந்துள்ளனர். எகிப்தியர் ஜீமை, ‘கம்பீரம்’ என்பதன் முதலொலி போல் ஒலிப்பர். ஆதலால் ‘நஹ்ஜ்’ மற்றோர் உருவிலும் ஒளிந்திருக்கும். கைப்பேசியில் அரபு விசைப்பலகையை அமைத்து அரபு எழுத்திலேயே தேடுவது நலம். மக்தபில் எழுத்துக்கூட்டப் பழகிய பிள்ளைக்கும் அது இயலும்.

பாட்டு கிடைத்த பின்னரே நம் மனக்குறை தொடங்குகிறது. பாடகியின் பெயர் பெரிதாய் நிற்கிறது. கவிஞர் பெயர் பெரும்பாலும் இல்லை. பாடகர், தொகுப்பு, பாட்டு என்னும் மூன்று கட்டங்கள் திரைப்பாட்டுக்குப் போதும், கஸீதாவுக்குப் போதுமா? ஸனது இல்லாத அறிவிப்பை முஹத்திஸ்கள் ஏற்பரோ? ஷவ்கியின் நீண்ட கவிதையிலிருந்து தேர்ந்த அடிகளே பாடப்பட்டன என்பதும் அங்கே குறிக்கப்படவில்லை. கேட்பவர் அதுவே முழுமை என்று எண்ணிவிடுவார்.

அரங்கப் பதிவுகளில் இக்குறை இன்னும் பெரிது. அவையோர் வேண்ட, உம்மு குல்தூம் ஓர் அடியையே பலமுறை மாற்றி மாற்றிப் பாடுவார். ஓர் இரவின் பாட்டு மற்றோர் இரவினதன்று. இப்ராஹீம் நாஜியின் ‘அல்அத்லால்’ 1966இல் அரங்கேறியது. 1967இல் பாரிஸிலும் பாடப்பட்டது. நாளும் இடமும் குறியாமல் ‘அல்அத்லால்’ என்று மட்டும் எழுதிவைத்தால் எந்த இரவைக் கேட்கிறோம்?

இது செய்யவியலாத காரியமுமன்று. 2023இல் ஆப்பிள் நிறுவனம் செவ்விசைக்கெனத் தனிச் செயலியே வெளியிட்டது. பீத்தோவனின் ஒரு சிம்பொனியை அதில் நடத்துநர் பெயரைக் கொண்டும் தேடலாம். ஐரோப்பிய இசைக்குக் காட்டிய அந்தக் கவனத்தில் ஒரு பங்கு ஸுன்பாத்திக்கும் ஷவ்கிக்கும் கிடைக்கட்டும். அதுவரை கவிஞர் பெயர், இசையமைத்தவர் பெயர், பாடிய ஆண்டு ஆகியவற்றை நம் குறிப்பேட்டில் நாமே எழுதி வைத்துக்கொண்டு கேட்கிறோம்.