பாதாளத்தில் நின்றுவிட்டவன்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிறர் சொன்ன கதையில் எங்கே இடைவெளி இருக்கிறதோ, அங்கே போய் மூக்கை நுழைப்பான். ஏசுநாதரின் மரணத்தையும் உயிர்ப்பையும் சொல்லும் நான்கு சுவிசேஷங்களையும் நான் பலமுறை படித்திருக்கிறேன்; பக்தனாக அல்ல, கதைக்காரனாக. வெள்ளிக்கிழமை சிலுவையில் சாவு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வெறுங் கல்லறை. நடுவே ஒரு சனிக்கிழமை இருக்கிறதல்லவா? அன்றைக்குப் பெண்கள் ஓய்ந்திருந்தார்கள் என்கிறார் லூக்கா. கல்லறைக்கு முத்திரை வைத்துக் காவல் போட்டார்கள் என்கிறார் மத்தேயு. அவ்வளவுதான். உள்ளே கிடந்தவர் எங்கே போனார்?

இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவ உலகம் சொல்லிக்கொண்ட பதில்தான் பாதாளத்தில் இறங்கிய கதை. செத்தவர், செத்தவர்கள் இருக்கும் இடத்துக்கே போனார். அதன் கதவை உடைத்தார். ஆதாம் முதலாகக் காத்துக் கிடந்த நல்லவர்களை மீட்டுக்கொண்டு வந்தார். இதற்கு வேதத்தில் ஆதாரம் தேடினால் அதிகம் அகப்படாது. சிறைப்பட்ட ஆவிகளுக்கு அவர் பிரசங்கம் செய்ததாகப் பேதுருவின் முதல் நிருபத்தில் ஒரு சிறு குறிப்பு வருகிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று பரிசுத்த அகஸ்தீனே திண்டாடியிருக்கிறார். அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தில் இந்த நம்பிக்கை இடம் பெற்றிருக்கிறது. ஆனால் கி. பி. 404-ஐ ஒட்டி அதற்கு உரை எழுதிய ரூபினஸ் என்பவர், அக்விலேயா நகரத்துப் பிரமாணத்தில் உள்ள இந்த வாசகம் ரோமாபுரியின் பிரமாணத்தில் இல்லை என்று குறித்து வைத்திருக்கிறார். மெதுவாக வந்து உட்கார்ந்துகொண்ட வாசகம் அது.

இங்கே நம் மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எபிரேயர்களின் ஷேயோல், கிரேக்கர்களின் ஹேடீஸ் இரண்டும் இறந்தவர் எல்லோரும் போய்ச் சேரும் நிழலிடம். தண்டனைக்கு உரிய கெஹென்னா வேறு. ஆங்கிலப் பிரமாணம் பல நூற்றாண்டுகள் 'ஹெல்' என்ற ஒரே சொல்லைப் போட்டுக் குழப்பியது. 1975-ல்தான் சபைகளின் பொது மொழிபெயர்ப்பு ஒன்று, இறந்தவர்களிடம் இறங்கினார் என்ற பொருள் வரும்படி அதை மாற்றியது. தமிழ் வேதாகமத்திலோ பாதாளம் வேறு, நரகம் வேறு. இந்தக் கட்டுரைக்கு அந்த வித்தியாசம் முக்கியம்.

இடைவெளியை முதலில் நன்றாக நிரப்பிய கதைக்காரன் யாரென்று தெரியாது. 'நிக்கொதேமு சுவிசேஷம்' என்று பெயர். வேதத்தில் சேராத நூல். அதில் பாதாளப் பகுதி ஐந்தாம் அல்லது ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். சிமியோன் என்ற கிழவரின் இரண்டு பிள்ளைகள் கல்லறையிலிருந்து எழுந்து வருகிறார்கள். பாதாளத்தில் பார்த்ததைத் தனித்தனியே எழுதிக் கொடுக்கிறார்கள். இரண்டு ஏட்டையும் ஒத்துப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறது! சாட்சியம் எப்படி நம்ப வைக்கும் என்று அறிந்தவனின் கை அது. அதைவிட எனக்குப் பிடித்தது ஹேடீஸ் என்ற பாதாளராஜனின் வயிறு. ஒருவனைப் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று சாத்தான் ஜம்பம் அடிக்கிறான். பாதாளராஜனுக்கு உதறல் எடுக்கிறது. முன்பு நான் விழுங்கிய லாசரஸை என் வயிற்றைக் கிழித்துக்கொண்டு பிடுங்கிப் போனவன் இவன்தானா என்று கேட்கிறான். மகா பெரிய விஷயத்தை அஜீரணத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான், அந்தப் பெயர் தெரியாத எழுத்தாளன். அவனை நான் நமஸ்கரிக்கிறேன்.

சித்திரக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கான்ஸ்டாண்டினோபிளில் கோரா ஆலயம் என்று ஒன்று. தியடோர் மெடோகைட்டிஸ் என்ற மந்திரி 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் புதுப்பித்துச் சித்திரங்கள் எழுதுவித்தார். பின்னால் மசூதியாக இருந்தது, மியூசியமாக இருந்தது, 2024-ல் மீண்டும் மசூதியாகத் திறந்தார்கள். அதன் பக்கக் கூடத்துச் சுவரில் இருக்கும் சித்திரத்தை நான் புத்தகத்தில் அச்சானபடிதான் பார்த்திருக்கிறேன். வெள்ளுடையில் கிறிஸ்து கால்களை அகட்டி நின்று, ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் கல்லறைப் பெட்டியிலிருந்து இழுக்கிறார். காலடியில் உடைந்த கதவுகள், சிதறிக் கிடக்கும் பூட்டுகள், சாவிகள், தாழ்ப்பாள்கள். கட்டுண்டு ஒருவன் கிடக்கிறான். இதில் கவனிக்க வேண்டியது கைகள். அவர் அவர்களுடைய உள்ளங்கையைப் பற்றவில்லை, மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். கைகுலுக்குவதற்கு இரண்டு பேர் பலம் வேண்டும். மணிக்கட்டைப் பிடித்து இழுப்பது கிணற்றில் விழுந்தவனைத் தூக்குகிற பிடி. ஆதாமிடத்தில் சொந்த பலம் ஒன்றும் மிச்சமில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த வசனகர்த்தாவும் சொல்ல முடியாது.

இதெல்லாம் சரி. ஆனால் என் பழக்கம் என்னை விடுவதில்லை. ஆதாம், ஆபேல், தாவீது, யோவான் ஸ்நானகன் எல்லோரும் வந்தாயிற்று. சித்திரத்தில் இல்லாதவர்கள் எங்கே?

இந்தக் கேள்வியைக் கேட்கத் துணிந்த மகாகவி தாந்தே. 'டிவைன் காமெடி'யின் நரக காண்டத்தில், நாலாவது காதையில், அவரும் வழிகாட்டியான வர்ஜிலும் லிம்போ என்ற விளிம்புக்கு வருகிறார்கள். பாவம் செய்யாதவர்கள், ஆனால் ஞானஸ்நானம் பெறாதவர்கள் அங்கே இருக்கிறார்கள். அடி இல்லை, நெருப்பு இல்லை. ஆசை மட்டும் உண்டு, அது நிறைவேறும் என்ற நம்பிக்கை கிடையாது. ஹோமர், சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் எல்லோரும் அங்கேதான். அராபிய ஞானிகளான அவிசென்னாவும் அவெரோஸும், சுல்தான் சலாதினும்கூட அங்கே இருக்கிறார்கள். இங்கிருந்து யாராவது எப்போதாவது வெளியே போனதுண்டா என்று தாந்தே நாசூக்காகக் கேட்கிறார். வர்ஜில் புரிந்துகொள்கிறார். தாம் வந்து புதிதில், வெற்றிக் கிரீடம் தரித்த வல்லவர் ஒருவர் வந்ததையும், ஆதாம், நோவா, மோசே, ஆபிரகாம், தாவீது, ராகேல் என்று பலரை அழைத்துப் போனதையும் சொல்கிறார். வந்தவர் பெயரைச் சொல்லவில்லை. நரக காண்டம் முழுவதிலுமே கிறிஸ்துவின் பெயர் உச்சரிக்கப்படுவதில்லை.

வர்ஜில் செத்தது கி. மு. 19-ல். ஆகவே சிலுவைச் சம்பவத்தின்போது அவர் அங்கே வந்து ஏறக்குறைய 50 வருஷம். பாதாளக் கணக்கில் அது நேற்று மாதிரி. கதவு திறந்தது, வெளிச்சம் வந்தது, பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள், கதவு மூடிக்கொண்டது. இந்தக் கதையை அதற்கு முன் சொன்னவர்கள் எல்லோரும் மீட்கப்பட்டவர்களின் பக்கத்தில் நின்று சொன்னார்கள். தாந்தே அதை நின்றுவிட்டவனின் வாயில் கொடுத்தார். வர்ஜிலிடம் அழுகை இல்லை, ஆட்சேபம் இல்லை; போனவர்களின் பெயர்களை மரியாதையோடு ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பந்தியில் இடமில்லாமல் எழுப்பப்பட்டவன், உட்கார்ந்தவர்களின் பெயரைச் சொல்வது போல. அந்த அடக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

தாந்தேயின் பாதாளத்தில் அந்த வருகையின் தடயம் இன்னும் இருக்கிறது. பன்னிரண்டாம் காதையில் சரிந்து கிடக்கும் பாறைகள் அன்றைய அதிர்ச்சியில் சரிந்தவை. இருபத்தோராம் காதையில் இடிந்த பாலத்தைப் பற்றி ஒரு பிசாசு, இது இடிந்து நேற்றோடு 1266 வருஷம் என்று மணிக்கணக்கோடு சொல்கிறது. பாலத்தை யாரும் பழுது பார்க்கவில்லை. ஆனால் அந்த இடிபாட்டின் வழியாக வர்ஜில் வெளியேறவும் முடியாது.

அவ்வளவோடு விட்டிருந்தால் தாந்தேயைக் கண்டிப்பான வைதிகர் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அவர் விடவில்லை. சுவர்க்க காண்டத்தின் பத்தொன்பதாம் காதையில், சிந்து நதிக்கரையில் பிறந்த ஒரு மனிதனைக் கொண்டுவருகிறார். அங்கே கிறிஸ்துவைப் பற்றிச் சொல்வாரில்லை, எழுதுவாரில்லை. அவன் நடத்தையில் குற்றமில்லை. ஞானஸ்நானம் இல்லாமல் சாகிறான். அவனைத் தண்டிக்கும் நீதி எது? நம் தேசத்துப் பக்கத்து மனிதனை அத்தனை தூரத்திலிருந்து அந்தக் கவி நினைத்துப் பார்த்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஆனால் கிடைக்கும் பதில், நீதியை அளக்க நீ யார் என்ற அதட்டல்தான்.

அடுத்த காதையில் ஓர் அதிசயம். சுவர்க்கத்தில் ரிபியஸ் என்ற டிராய் நகரத்தான் பிரகாசிக்கிறான். கிறிஸ்துவுக்கு வெகு காலம் முந்தியவன், அவனுக்கு மட்டும் தனி அருள். யார் இந்த ரிபியஸ்? வர்ஜில் தம் 'ஈனீட்' காவியத்தில், டிராய் எரியும் இரவில் வந்து சாகும் ஒரு சில்லறைப் பாத்திரம். நியாயவான்களில் தலைசிறந்தவன் என்று சொல்லி, தேவர்கள் அதை மதிக்கவில்லை என்று வர்ஜில் ஒரு மூச்சில் அவனை முடித்துவிடுகிறார். அந்தப் பாத்திரம் சுவர்க்கத்தில், படைத்தவர் பாதாளத்தில். வர்ஜில் இரண்டு அடியில் கொன்றவனைத் தாந்தே தேடிப்பிடித்து மேலே ஏற்றினார். வர்ஜிலை ஏற்றவில்லை.

இது கவியின் கோழைத்தனமா, நேர்மையா? வெகு நாள் கோழைத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தாம் நம்பிய சட்டம் எங்கே தமக்கு அதிகம் வலிக்குமோ அங்கே அதை அமல் செய்து, அந்த வலியை வாசகனுக்கு மறைக்காமல் காட்டினார். ரிபியஸ், அந்தச் சட்டத்தை அவராலும் முழுக்கச் சகிக்க முடியவில்லை என்பதற்குச் சாட்சி.

வேறு விதமாகவும் எழுதலாம் என்று காட்டியவர் அதே 14-ம் நூற்றாண்டு ஆங்கிலக் கவி வில்லியம் லாங்லண்ட். 'பியர்ஸ் பிளௌமன்' நூலில் பாதாளத்தில் இறங்கும் கிறிஸ்து சாத்தானோடு வக்கீல் மாதிரி வாதாடுகிறார். கடைசியில் வாதத்தை விட்டுவிட்டு உறவைப் பேசுகிறார்: மனிதர்கள் என் ரத்த சம்பந்தம், என் தாகம் இன்னும் தீரவில்லை என்கிற பொருளில். எத்தனை பேர் என்று அவர் எண்ணி முடிக்கவில்லை. நம் காலத்துக்குச் சற்று முன் ஸ்விட்சர்லாந்தின் பல்தஸார் 1969-ல் எழுதிய நூலில் இன்னும் ஒன்று சொன்னார்: அந்தச் சனிக்கிழமை வெற்றி ஊர்வலம் அல்ல, செத்தவர்களோடு செத்தவராக, சக்தியற்று, அவர்களின் தனிமையில் பங்கு கொண்ட நாள். அப்படியானால் வர்ஜில் கிரீடத்தைப் பார்த்திருக்க மாட்டார். தம் பக்கத்தில் புதிதாக ஒரு பிணம் கிடப்பதைத்தான் பார்த்திருப்பார்.

எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே கேள்வி: அந்தப் பெண்ணை ஏன் சார் அப்படியே விட்டுவிட்டீர்கள்? கதையின் நியாயம் அப்படி என்று பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பதில் பொய் அல்ல. ஆனால் தாந்தேயைத் திரும்பப் படித்த பிறகு, அதை எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்குகிறது. விட்டுவிட வேண்டியிருந்தால் விடத்தான் வேண்டும். ஆனால் கதவு மூடின பிறகு அவள் பேசுவதற்கு ஒரு பக்கமாவது நான் ஒதுக்கினேனா என்று இப்போதெல்லாம் என் பழைய நாவல்களைப் புரட்டிப் பார்க்கிறேன். இரண்டு நாவல்களில் ஒதுக்கவில்லை.