குளூட்டமேட்டும் ஒரு பூட்டு ஒரு சாவிக் கணக்கும்

நமது சங்க மலருக்கு நான் எழுதுவது பெரும்பாலும் சமணக் கல்வெட்டு, பழைய உரை இவற்றைப் பற்றித்தான். இந்த முறை மூளை மருந்தைப் பற்றி எழுத வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் டாக்டர் அல்லன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை முடித்துக்கொண்ட மளிகை மொத்த வியாபாரி. இருந்தாலும் 2008 முதல் இந்த விஷயத்தை விடாமல் படித்து வருகிறேன். காரணம் வீட்டு விஷயம்.

வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊரில் என் தம்பி மகனுக்கு மனச்சிதைவு நோய். மாத்திரையில் ஓரளவு நன்றாகத்தான் இருந்தான். ‘டோபமைன் வழி மருந்துகளின் காலம் முடிகிறது, இனி குளூட்டமேட் வழி’ என்று ஒரு பத்திரிகைச் செய்தி கண்ணில் பட்டது. வெட்டி எடுத்து, ‘பழைய மாத்திரை இனி வேண்டியிருக்காது போலிருக்கு’ என்று ஓரத்தில் எழுதித் தம்பிக்கு அனுப்பி வைத்தேன். அண்ணன் படிச்சவர், சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று வீட்டில் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பையனைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. அந்தப் புது மருந்தோ இன்றுவரை கடைக்கு வரவில்லை.

குளூட்டமேட் என்றால் ஏதோ புதுச் சரக்கு அல்ல. என் கடையில் விற்கும் அஜினமோட்டோவில் இருப்பதும் அதுதான். 1908-இல் ஜப்பானியர் இக்கேடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தார். சாப்பிடுகிற குளூட்டமேட் பெரும்பாலும் மூளைக்குள் போவதில்லை, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு விடாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டிவிடும் முதன்மையான ரசாயனம் இதுவே. நினைவு, கற்றல் எல்லாவற்றிலும் இதற்குப் பங்குண்டு. இதை வாங்கிக்கொள்ளும் வாசல்களுக்கு ‘ஏற்பி’ என்று பெயர். அவற்றுள் அதிகம் பேசப்படுவது என்எம்டிஏ ஏற்பி.

மனநோய்க்கும் இதற்கும் தொடர்பு எப்படி வந்தது? பிசிபி, கெட்டமைன் ஆகிய மயக்க மருந்துகள் இந்த ஏற்பியை அடைக்கின்றன. அவற்றைக் கொடுத்தால் நல்ல மனிதருக்கும் சிறிது நேரம் மனச்சிதைவு போன்ற குறிகள் தோன்றுகின்றன. ஆகவே மனச்சிதைவில் இந்த ஏற்பியின் வேலை குறைந்திருக்கிறது, அதைச் சரிசெய்தால் நோய் சரியாகும் என்று கணக்குப் போட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

நடந்ததைப் பாருங்கள். 2007-இல் எலி லில்லி கம்பெனியார் இன்னொரு வகைக் குளூட்டமேட் ஏற்பியைக் குறிவைத்த மருந்தை 196 நோயாளிகளிடம் 4 வாரம் சோதித்து, வெற்று மாத்திரையைவிட மேல் என்று வெளியிட்டார்கள். நான் வெட்டி அனுப்பிய செய்தி அதுதான். பெரிய சோதனைகளில் அது தேறவில்லை, 2012-இல் கைவிட்டார்கள். என்எம்டிஏ ஏற்பிக்குத் துணைபோகும் கிளைசினைக் கூட்டப் பார்த்த ரோஷ் கம்பெனியின் பிட்டோபெர்டின் 2014-இல் தோற்றது. அதே வழியில் வந்த ஐக்லெபெர்டினும் 2025-இல் தோற்றது. டோபமைன் ஏற்பியை நேரே அடைக்காத மனச்சிதைவு மருந்து ஒன்று 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றதே, அதுவும் குளூட்டமேட் வாசலைக் குறிவைத்ததல்ல. அசிட்டைல்கோலின் என்ற வேறொன்றின் வாசல்.

இனி மனச்சோர்வு. 2000-இல் ஏழெட்டுப் பேரிடம் செய்த சிறு சோதனையில், அடைக்கும் கெட்டமைனே சில மணி நேரத்தில் சோர்வைக் குறைத்தது. அதன் உறவான எஸ்கெட்டமைன் 2019-இல் அமெரிக்காவில் மூக்கில் தெளிக்கும் மருந்தாக அனுமதி பெற்றது. ஆக, ஏற்பியை அடைத்தால் ஒரு நோயின் குறிகள் வருகின்றன, இன்னொரு நோய் தணிகிறது. அதே ஏற்பியை அடைக்கும் மெமான்டின் சோர்வைத் தீர்க்கவில்லை என்பதும் 2006-இல் தெரிந்தது. 2018-இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சிறு ஆய்வு நடந்தது. அபின் வகை ஏற்பிகளை மூடும் நால்ட்ரெக்சோனை முதலில் கொடுத்துப் பிறகு கெட்டமைன் கொடுத்தால், அதன் நற்பலன் பெரிதும் போய்விட்டது. அப்படியானால் வேலை செய்தது எந்த வாசல்?

என் விமர்சனம் இதுதான். ‘இந்த ஏற்பியே இலக்கு’ என்று பேசுவது, எங்கள் சமண தர்க்கத்தில் ஏகாந்தம் என்று சொல்லும் குற்றம். இங்கே ஏகாந்தம் என்றால் தனிமை அல்ல; ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து முழுசும் அதுவே என்று சாதிப்பது. மூளையெங்கும் பரவிக் கிடக்கும் ஏற்பி, இடத்துக்கு இடம் வேறு வேலை செய்கிறது. மனச்சிதைவு என்ற ஒரே பெயருக்குள்ளும் பலவகை நோயாளிகள் இருக்கிறார்கள். எலிக்கு மயக்க மருந்து கொடுத்து ஓடவிட்டு, அந்த ஓட்டத்தை நிறுத்தியது மனிதனின் நோயையும் நிறுத்தும் என்று நம்பினார்கள். உயிர்க்கொலை பற்றி எனக்குள்ள வருத்தம் ஒருபுறம் இருக்கட்டும். கணக்காகப் பார்த்தாலும் சரக்கு வேறு, சாம்பிள் வேறு.

கொள்கை முழுதும் பொய் என்று நான் சொன்னால் அதுவும் ஏகாந்தமே. என்எம்டிஏ ஏற்பியை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் ஒருவகை மூளை அழற்சி 2007-இல் விவரிக்கப்பட்டது. அதில் நோயாளிக்குப் பிரமையும் பிதற்றலும் வருகின்றன. எதிர்ப்புச் சக்தியை அடக்கினால் பலர் தேறிவிடுகிறார்கள். ஆகவே தொடர்பு மெய். எஸ்கெட்டமைனால் மீண்டவர்களும் உண்டு. ஆனால் அதன் குறுகிய காலப் பெரிய சோதனைகள் மூன்றில் ஒன்றுதான் தெளிவாகத் தேறியது. மருந்து எடுத்தபின் குறைந்தது 2 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. இவை செய்தித் தலைப்பில் வருவதில்லை.

வெளிமாநிலத்தில் இருக்கும் நம்மவரை ஊரில் உள்ளவர்கள் விவரம் தெரிந்தவர்களாக நினைக்கிறார்கள். நாம் அனுப்பும் ஒரு துண்டுச் செய்திக்கு அங்கே டாக்டர் சீட்டின் மதிப்பு வந்துவிடுகிறது. எத்தனை பேரிடம், எத்தனை நாள் சோதித்தார்கள், செலவு யாருடையது, மறுபடி செய்தபோது என்ன ஆயிற்று என்று கேட்காமல் எதையும் அனுப்பாதீர்கள். ஓடுகிற மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

என் தம்பி மகன் இப்போது குளோசபின் எடுத்துக்கொள்கிறான். 1989-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய மருந்துதான்; மற்றவை பலிக்காதவர்களுக்கு இன்றும் முதலில் நினைக்கப்படுவது அதுவே. ரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் போகிறான். நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான். போன பொங்கலுக்கு நான் போயிருந்தபோது, ‘பெரியப்பா, புதுசா ஏதாச்சும் மருந்து வந்திருக்கா?’ என்று கேட்டான். இன்னும் சோதிச்சுக்கிட்டிருக்காங்கப்பா, நீ இதையே ஒழுங்கா சாப்பிடு என்றேன்.