ஈரப்பதம் என்னும் ஒற்றைச் சொல்

ஆகஸ்ட் மாதக் காலையில் பெங்களூரில் வெப்பம் 20 டிகிரி, ஈரப்பதம் 90 விழுக்காடு என்று வானிலைச் செய்தி சொன்னால் யாரும் வியப்பதில்லை. மே மாதப் பிற்பகலில் சென்னையில் 36 டிகிரி, ஈரப்பதம் 50 என்பதும் அப்படித்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் பெங்களூர்க் காற்றில்தான் நீர் அதிகம் என்று நினைப்பார். உண்மை நேர்மாறு. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 17 கிராம் நீராவிக்குத்தான் இடமுண்டு. 36 டிகிரியில் 41 கிராமுக்கும் மேல். ஆகவே பெங்களூரில் இருப்பது சுமார் 15.5 கிராம், சென்னையில் இருப்பதோ 21 கிராமை நெருங்குகிறது. அதே பெங்களூர்க் காற்று நண்பகலில் 28 டிகிரிக்குச் சூடானால், நீர் சிறிதும் குறையாமலே ஈரப்பதம் ஏறத்தாழ 56 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். காற்று உலர்ந்துவிட்டதாக வாசகர் எண்ணிக்கொள்வார்.

அதற்காக 'ஈரப்பதம்' என்ற சொல்லுக்குரிய பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. காவிரி டெல்டாவின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழையால் நெல் காயாத நிலையில் 2022இல் மத்திய அரசு அதை 19 வரை தளர்த்தியது. விவசாயியும் அதிகாரியும் ஒரே அளவை வைத்துப் பேச முடிகிறதென்றால் அதற்கு இந்தச் சொல்லும் அதன் எண்ணும்தான் காரணம். கையில் அள்ளிப் பார்த்து "இன்னும் காயணும்" என்று திருப்பி அனுப்பினால் வாதாட வழியே இல்லை. ஆனால் நெல்லில் விழுக்காடு என்பது எடையில் நீரின் பங்கு. காற்றில் அது, அந்த வெப்பத்தில் கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்பது. சொல்லும் ஒன்று, குறியும் ஒன்று, எதில் பங்கு என்பது மட்டும் வேறு. கன்னடத்திலும் மண்ணுக்கும் காற்றுக்கும் 'தேவாம்ச' என்ற ஒரே சொல் ஓடுகிறது. இலங்கைப் பாடநூல்கள் காற்றுக்குச் 'சாரீரப்பதன்' என்று தனிச்சொல் வைத்திருக்கின்றன. நம் புவியியல் நூல்களில் 'ஒப்பு ஈரப்பதம்' உண்டு. செய்திக்கு வரும்போது அந்த 'ஒப்பு' உதிர்ந்துவிடுகிறது. எனக்குப் பெரும் குறையாகப் படுவது இதுதான்.

இன்னொரு இழப்பும் உண்டு. நம் பழைய சொற்கள் ஈரம் எங்கிருந்து வந்தது, என்ன செய்தது என்பதையும் சேர்த்தே சொல்லும். சுவரின் அடியில் பெயின்ட் கொப்பளித்து, வெள்ளை உப்புப் பூத்து, விரல் வைத்தால் பொடியாக உதிர்ந்தால் அது ஓதம். தரையிலிருந்து செங்கல் வழியே நீர் ஏறுகிறது என்பது அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிடும். மாடியிலிருந்து வருவது கசிவு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இரண்டையும் 'சுவரில் ஈரப்பதம்' என்று எழுதினால் கொத்தனார் மறுபடி கேட்கத்தான் வேண்டும். டப்பாவைத் திறந்து வைத்ததால் முறுக்கு நமத்துப் போகிறது. யாரும் அதை நனைந்தது என்பதில்லை. உழவுக்கேற்ற மண்ணின் நிலையைப் 'பதம்' என்கிறோம்; பெங்களூரைச் சுற்றி ராகி விதைப்பவர்கள் அதையே 'ஹத' என்பார்கள். அங்கே அதிகமும் குறைவும் இரண்டுமே பிழை, எண் ஏறுவது எப்போதும் நல்லதில்லை.

எண்தான் பொதுவானது, புழுக்கம் ஆளுக்கு ஆள் மாறும் என்ற மறுப்பு நியாயமானது. அதனால் எண்ணை நீக்கச் சொல்லவில்லை. ஆனால் வியர்வை ஆறாமல் உடம்பு திணறுவதற்கு வெப்பமும் நீராவியும் சேர்ந்தே காரணம். 'புழுக்கம்' அந்தச் சேர்க்கையைச் சொல்கிறது, தனி விழுக்காடு சொல்வதில்லை. பழஞ்சொற்கள் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும் என்பார்கள். ஓதம் எல்லா ஊரிலும் புரியாமல் போகலாம். புழுக்கம் புரியாத தமிழ் ஊர் எது? பெங்களூரில் பக்கத்து வீட்டுக்காரர் 'செகெ' என்று அலுத்துக்கொள்ளும்போது அங்குள்ள தமிழருக்கும் அது விளங்குகிறது. வானிலைச் செய்தியில் வெப்பத்தையும் ஒப்பு ஈரப்பதத்தையும் ஒரே வரியில் தந்து, புழுக்கம் கூடுமா குறையுமா என்று பக்கத்திலேயே எழுதுவதற்குப் புதுக் கலைச்சொல் எதுவும் ஆக்க வேண்டியதில்லை.